அமெரிக்காவில் தன்பாலினத் திருமணமும் மத சுதந்திரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு பையன் தன் துணைவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். பத்திரிகை வந்த நாளிலிருந்து எனக்கு போன் ஓயவில்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தப் பதினேழுக்குள் அடங்கிவிடும். நான் வழக்கறிஞர் இல்லை. ஆர்வக்கோளாறில் இந்தத் தீர்ப்புகளைப் பல வருடமாக வாசித்து வருகிறவன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. அமெரிக்காவுல ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கலாம்னு எப்போ சட்டம் போட்டாங்க?

நாடு முழுமைக்கும் இந்த உரிமை ஒரு தீர்ப்பின் வழியாகத்தான் வந்தது. 2015 ஜூன் 26 அன்று, ஓபர்கெஃபெல் வழக்கில், உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை வழங்கியது. அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் சொல்லும் சுதந்திரமும் சம பாதுகாப்பும் இவர்களுக்கும் உண்டு என்பது சாரம். அதற்கு முன் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விதி. மாசசூசெட்ஸில் 2004-லேயே கல்யாணங்கள் நடந்தன. நியூ ஜெர்சியில் 2013-ல்.

வழக்குக்குப் பெயர் கொடுத்த ஜிம் ஓபர்கெஃபெல் ஒஹையோக்காரர். அவருடைய துணைவர் ஜான் ஆர்தர் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் படுத்த படுக்கை. ஒஹையோவில் முடியாது என்பதால், 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றில் மேரிலாந்துக்குப் போய், தரையிறங்கிய விமானத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார்கள். அக்டோபரில் ஆர்தர் இறந்துவிட்டார். அவருடைய இறப்புச் சான்றிதழில் கணவர் என்ற இடத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் ஓபர்கெஃபெலின் கோரிக்கை. அவர் எந்தத் தேவாலயத்தின் கதவையும் தட்டவில்லை. அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி கேட்டார். இனி வரும் பதில்களுக்கெல்லாம் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அப்படின்னா சர்ச்சுல, கோயில்ல எல்லாம் இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சே ஆகணுமா?

வேண்டாம். அன்றும் வேண்டாம், இன்றும் வேண்டாம். எந்தப் பாதிரியாரையும், ரபியையும், இமாமையும், குருக்களையும் யாருக்கும் கல்யாணம் நடத்திவைக்கச் சொல்லி அமெரிக்காவில் எந்தச் சட்டமும் இல்லை. கத்தோலிக்கச் சபை, முதல் கல்யாணத்தைச் சபை முறைப்படி ரத்து செய்யாமல் விவாகரத்து மட்டும் வாங்கியவருக்கு மறுமணம் செய்துவைப்பதில்லை. விவாகரத்து சட்டப்படி செல்லும் என்பதற்காக எந்த நீதிமன்றமும் பாதிரியாரைக் கூண்டில் ஏற்றியதில்லை. இதுவும் அதே கணக்குதான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இங்கே கல்யாண நடைமுறையில் இரண்டு வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க் அல்லது ஊர்ப் பதிவாளரிடம் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்புறம் நீதிபதியோ மதகுருவோ நடத்திவைத்து, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். மதகுரு போடும் கையெழுத்து அரசாங்கத்திலும் செல்லும். "கையெழுத்து செல்லுமென்றால் அவரும் அரசாங்க ஆள் மாதிரிதானே" என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுகிறது. இல்லை; அனுமதி இருக்கிறது, கடமை இல்லை. லைசென்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கோ கடமை இருக்கிறது.

3. மத சுதந்திரம்னு எல்லாரும் சொல்றாங்களே, சட்டத்துல என்னதான் எழுதியிருக்கு?

1791-ல் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம்: அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது, மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது. அவ்வளவுதான். எது கடைப்பிடிப்பது, எது தடுப்பது என்பதில்தான் இருநூறு வருடத்துக்கும் மேலாக வழக்குகள்.

முக்கியமான ஒரு தீர்ப்பை மட்டும் சொல்கிறேன். ஒரேகானில் இரண்டு பேர், தங்கள் பூர்வகுடித் திருச்சபைச் சடங்கில் பெயோட்டி என்ற மயக்கம் தரும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலை இழந்தார்கள். வேலையில்லாக் காலப் படியும் கிடைக்கவில்லை. 1990-ல் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவாக, எந்த மதத்தையும் குறிவைக்காமல் இருக்கும் சட்டத்திலிருந்து மதத்தின் பேரில் விலக்குக் கேட்க அரசியல் சட்டம் இடம் தராது என்றது. எழுதியவர் ஆன்டனின் ஸ்கலியா. பழமைவாதிகளின் நாயகன், தீவிரக் கத்தோலிக்கர். இன்று பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்புகள் முட்டி மோதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவர் எழுப்பிய சுவரில்தான்!

அதை மாற்ற 1993-ல் நாடாளுமன்றம் மத சுதந்திர மீட்புச் சட்டம் போட்டது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடை, கல்யாணம் எல்லாம் மாநிலச் சட்ட விவகாரம். ஆக, கடைக்காரர்கள் வழக்கு என்று வரும்போது அந்த 1993 சட்டம் அவ்வளவாக உதவுவதில்லை.

4. 2015 தீர்ப்பு எழுதினவங்க மதத்தைப் பத்தி ஒண்ணுமே யோசிக்கலையா?

யோசித்தார்கள், போதுமான அளவுக்கா என்பதுதான் சண்டை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஆன்டனி கென்னடி, தன்பாலினத் திருமணம் கூடாது என்று மதங்கள் தொடர்ந்து போதிக்கலாம், வாதாடலாம், அந்த உரிமை காக்கப்படும் என்று ஒரு பத்தி எழுதினார். எதிர்ப்பவர்களில் பலர் கண்ணியமான மத, தத்துவக் காரணங்களால்தான் எதிர்க்கிறார்கள் என்றும் சொன்னார்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் அங்கேதான் பிடித்தார். போதிக்கலாம் என்கிறீர்கள், வாதாடலாம் என்கிறீர்கள். முதலாவது திருத்தத்தில் இருக்கும் "கடைப்பிடித்தல்" என்ற சொல்லைக் காணோமே என்றார். எனக்கு 2015 தீர்ப்பில் உடன்பாடுதான். ஆனாலும் ராபர்ட்ஸ் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த பத்து வருட வழக்குகளில் பல அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தன.

5. இதை ஒத்துக்கலைன்னா சர்ச்சோட வரிவிலக்கை எடுத்துடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

இந்த பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிப்பதைத் தடை செய்து வைத்திருந்தது, அதுவும் பைபிள் பேரில். அதன் வரிவிலக்கு ரத்தானது சரியே என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓபர்கெஃபெல் விசாரணையில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ இதை நினைவூட்டி, இனி இதே கதி தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் கல்லூரிகளுக்கும் வருமா என்று கேட்டார். அரசு வழக்கறிஞர் டொனால்ட் வெரில்லி மறுக்கவில்லை. அது ஒரு பிரச்சினையாகத்தான் வரும் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பதில் ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது. வாட்ஸ்அப் செய்தியின் பூர்வீகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. 2022-ல் வந்த சட்டம் (13-ஆம் கேள்வி) வரிவிலக்கைத் தொடாது என்று எழுதியே வைத்துவிட்டது.

6. அப்போ எங்க ஊர் கடற்கரையில ஒரு மெதடிஸ்ட் அமைப்போட வரிவிலக்கு போச்சுன்னு சொல்றாங்களே, அது பொய்யா?

பொய்யில்லை, பாதிக் கதை. நியூ ஜெர்சியில் ஓஷன் குரோவ் என்ற கடற்கரை ஊர். நிலம் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முகாம் சங்கம் ஒன்றுக்குச் சொந்தம். கடலோரத்தில் அவர்களுக்கு ஒரு திறந்த மண்டபம் இருந்தது. கல்யாணத்துக்கு யார் கேட்டாலும் வாடகைக்கு விட்டார்கள். 2007-ல் இரண்டு பெண்கள் தங்கள் இணைவு (கல்யாணம் என்ற பெயர் இல்லாமல் சட்டம் ஏற்கும் துணை உறவு) விழாவுக்குக் கேட்டபோது மறுத்தார்கள்.

சங்கத்தின் சர்ச்சுக்கு எதுவும் ஆகவில்லை. அந்த மண்டபத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு வரிச்சலுகை இருந்தது. பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்து வைப்போம் என்று வாக்குக் கொடுத்து, பசுமை நிலத் திட்டத்தின்கீழ் வாங்கிய சலுகை. வாக்கு மீறப்பட்டதால் அந்தச் சலுகை புதுப்பிக்கப்படவில்லை. 2012-ல் நிர்வாக நீதிபதியும் பாகுபாடு நடந்தது என்றார், அபராதம் போடவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஊருக்குப் பொது என்று சொல்லிச் சலுகை வாங்கிக்கொண்டு, பிறகு ஊரில் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை என்றால் எப்படி?

7. கென்டக்கியில ஒரு அம்மாவை ஜெயில்ல போட்டாங்களே, கும்பிட்டதுக்கா ஜெயிலு?

கும்பிட்டதற்கு இல்லை. கிம் டேவிஸ் கென்டக்கியின் ரோவன் கவுன்ட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க். 2015 தீர்ப்பு வந்ததும், தன் மதநம்பிக்கையைக் காட்டி, கல்யாண லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆண்-பெண் ஜோடிக்கும் சேர்த்துத்தான். கொடுக்கச் சொல்லி கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டார்; டேவிஸ் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறை. அந்த ஐந்து நாளில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தன் பெயர் அந்தக் காகிதத்தில் அச்சாவதுதான் தன் மனசாட்சியைக் குத்துகிறது என்றார் டேவிஸ். 2016-ல் கென்டக்கி சட்டமன்றம் படிவத்திலிருந்து கிளார்க் பெயரையே எடுத்துவிட்டது. ஒரு படிவத் திருத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்! ஆனால் லைசென்ஸ் மறுக்கப்பட்ட ஜோடி போட்ட வழக்கு தனியாக ஓடியது. 2023-ல் இருவருக்கும் தலா 50,000 டாலர் கொடுக்கும்படி நடுவர் குழு சொன்னது. அதை எதிர்த்ததோடு 2015 தீர்ப்பையே மாற்றவும் கோரிய டேவிஸின் மனுவை, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

8. கவர்மென்ட் வேலை பாத்தா மனசாட்சியை வீட்டுல கழட்டி வெச்சுட்டுதான் வரணுமா?

வேண்டியதில்லை. கவுன்ட்டர் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை அழகாகச் செய்தது யூட்டா. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைந்த மாநிலம். 2015-ல், மார்மன் திருச்சபையின் ஆதரவோடே, வேலையிலும் வீடு வாடகைக்கு விடுவதிலும் தன்பாலின ஈர்ப்பாளர்களிடம் பாகுபாடு காட்டத் தடைச் சட்டம் வந்தது. மத அமைப்புகளுக்கு விலக்கும் இருந்தது. கூடவே இன்னொரு சட்டம்: கிளார்க் அலுவலகத்தில் எந்த ஜோடிக்கும் கல்யாணம் நடத்திவைக்கத் தயாரான ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். முடியாதவர் ஒதுங்கிக்கொள்ளலாம், வந்த ஜோடி திரும்பிப் போகக் கூடாது.

இதிலும் பள்ளம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2006-ல் தன்பாலினத் திருமணம் சட்டமானபோது அதிகாரிகள் விலகிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். கடைசியில் நடத்திவைக்க ஆளே இல்லாத அலுவலகங்கள் ஏகப்பட்டவை. 2020-ல் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். யூட்டா சட்டத்தில் "ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்" என்ற பாதியை விட்டால் இதுதான் நடக்கும்.

9. கேக் கடைக்காரர் கேஸ்னு சொல்றாங்களே, அதுல யார் ஜெயிச்சா?

கடைக்காரர் ஜெயித்தார். அவர் கேட்ட கேள்வி ஜெயிக்கவில்லை.

2012-ல் கொலராடோவின் லேக்வுட்டில், மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் என்ற கடைக்கு இரண்டு ஆண்கள் கல்யாண கேக் கேட்டுப் போனார்கள். கடைக்காரர் ஜாக் ஃபிலிப்ஸ், பிறந்தநாள் கேக், பிஸ்கட் எது வேண்டுமானாலும் தருகிறேன், தன்பாலினக் கல்யாணத்துக்கு மட்டும் கேக் செய்ய மாட்டேன் என்றார். வேடிக்கை என்னவென்றால், அப்போது கொலராடோவிலேயே அந்தக் கல்யாணம் செல்லாது. அவர்கள் மாசசூசெட்ஸில் செய்துகொண்டு ஊரில் விருந்து வைப்பதாக இருந்தார்கள். கல்யாணத்தையே ஏற்காத மாநிலம், கேக் மறுத்ததைக் குற்றம் என்றது.

2018-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ஃபிலிப்ஸ் பக்கம் நின்றது. காரணம், மாநிலத்தின் குடிமை உரிமைகள் ஆணையம் அவர் நம்பிக்கையை நடுநிலையோடு அணுகவில்லை. விசாரணையில் ஒரு ஆணையர், அடிமை முறையையும் யூதப் படுகொலையையும் நியாயப்படுத்த மதத்தைப் பயன்படுத்தியதோடு அவர் வாதத்தைச் சேர்த்துப் பேசியிருந்தார். தன்பாலினத்தாரைப் பழிக்கும் வாசகத்தோடு ஒருவர் கேக் கேட்டபோது மறுத்த வேறு கடைகளை அதே ஆணையம் தண்டிக்காமல் விட்டிருந்தது. இவற்றைச் சுட்டிக்காட்டி ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தார்கள். "மதத்தின் பேரில் கடைக்காரர் மறுக்கலாமா" என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. பொது விதியாக மறுக்க முடியாது என்றே கென்னடி அந்தத் தீர்ப்பிலும் எழுதினார்.

10. என் கடை, என் காசு. யாருக்கு விக்கணும்னு முடிவு பண்ற உரிமை எனக்கு இல்லையா?

இதைக் கேட்டவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: நீங்கள் எந்த மாநிலத்தில் கடை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாடு தழுவிய 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், உணவகம், விடுதி, அரங்கு போன்ற இடங்களில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் பாலீர்ப்பு இல்லை. அதைச் சேர்த்தவை பல மாநிலங்களும் நகரங்களும். கொலராடோ, நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவில் உண்டு. டெக்ஸஸில் மாநிலச் சட்டம் இல்லை. அதாவது நாட்டின் மற்றப் பகுதிகளில், கேக் மறுக்க மதக் காரணம்கூடத் தேவையில்லை. மூஞ்சி பிடிக்கவில்லை என்றே மறுக்கலாம். இரண்டு தரப்புப் பிரசாரத்திலும் இந்த விஷயம் அடிபடுவதே இல்லை. "மதம் எதிர் சமத்துவம்" என்று நாம் கேள்விப்படும் வழக்குகள் எல்லாம் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் இடங்களில் மட்டும் முளைப்பவை.

11. வெப்சைட் கேஸ்ல மத சுதந்திரம் ஜெயிச்சுடுச்சாமே?

ஜெயித்தது பேச்சுரிமை. கொலராடோவைச் சேர்ந்த லோரி ஸ்மித், 303 கிரியேட்டிவ் என்ற நிறுவனத்தின் உரிமையாளர். கல்யாண இணையதளம் வடிவமைக்க விரும்பினார். தன்பாலினக் கல்யாணத்துக்குச் செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே வழக்குப் போட்டார். 2023 ஜூன் 30 அன்று 6-க்கு 3 என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. நீல் கோர்சிச் எழுதினார்: இணையதளம் வடிவமைப்பது வெளிப்பாடு, ஒருவர் நம்பாத கருத்தை உருவாக்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது. மதம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இது ஒரே மாதிரி பொருந்தும். (வழக்கு ஆவணத்தில், தன்பாலினக் கல்யாணத்துக்குத் தளம் கேட்டு எழுதியதாகக் காட்டப்பட்ட நபர், தான் அப்படி எழுதவே இல்லை, தனக்கு எப்போதோ ஒரு பெண்ணோடு கல்யாணமாகிவிட்டது என்று பத்திரிகையாளரிடம் சொன்னது தனிக் கூத்து. தீர்ப்பை அது பாதிக்கவில்லை.)

சோனியா சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார். பொதுமக்களுக்குத் திறந்த ஒரு வணிகம் ஒரு பிரிவினரை மறுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் பேரில் உச்ச நீதிமன்றம் சொல்வது இதுவே முதல்முறை என்றார். இப்போது கோடு எங்கே? நாற்காலி, பந்தல் வாடகை பேச்சு இல்லை. இணையதளம் பேச்சு. போட்டோகிராஃபர்? மாலை கட்டுகிறவர்? வாஷிங்டன் மாநிலத்தில் பூக்கடை நடத்திய பாரனெல் ஸ்டட்ஸ்மன் வழக்கு எட்டு வருடம் ஓடி, 2021-ல் அவர் 5,000 டாலர் கொடுத்துச் சமரசமாக முடிந்தது. அதே வழக்கு இன்று வந்தால் முடிவு என்ன என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. கடைகளைக் கலைஞர், கலைஞர் அல்லாதவர் என்று பிரிக்கும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்திருக்கிறது. நம் சமையல் கான்ட்ராக்டர்கள் எல்லாரும் தங்களைக் கலைஞர்கள் என்றுதான் சொல்வார்கள்.

பிரிட்டன் இதைக் கொஞ்சம் தெளிவாகக் கையாண்டது என்பது என் எண்ணம். பெல்ஃபாஸ்ட்டில் ஆஷர்ஸ் பேக்கரியில் ஒருவர், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கச் சொல்லும் வாசகத்தோடு 36.50 பவுண்டுக்கு ஒரு கேக் கேட்டார். மறுத்தார்கள். 2018-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைக்குச் சாதகம்: அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள், மறுக்கப்பட்டது வாசகம், ஆள் அல்ல. ஃபிலிப்ஸ் மறுத்ததோ வாசகம் பற்றிய பேச்சே எழுவதற்கு முன்னால்.

12. கறுப்பர்களுக்குச் சோறு போட மாட்டேன்னு சொன்னதும் இதுவும் ஒண்ணுதானே?

ஒரு பாதி ஒன்றுதான். தென் கரோலைனாவில் பிகி பார்க் என்ற உணவகச் சங்கிலியின் முதலாளி, கறுப்பரைச் சமமாக நடத்துவது தன் மதத்துக்கு விரோதம் என்று வாதாடினார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அதை அற்ப வாதம் என்று ஒரு அடிக்குறிப்பில் தள்ளிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் முடிவுக்கு வந்த லவிங் வழக்கில், இனக் கலப்பு மணத்துக்காக ஒரு தம்பதியைத் தண்டித்த வர்ஜீனியா நீதிபதி, இனங்களைக் கடவுள் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதியிருந்தார். மதத்தின் பேரில் என்று சொன்னாலே எல்லாம் நியாயமாகிவிடாது என்பதற்கு இவை போதும்.

மறு பாதி வேறு. இனவெறியருக்கு எந்த நீதிமன்றமும் "கண்ணியமான நம்பிக்கை" என்று நற்சான்று கொடுத்ததில்லை. 4-ஆம் பதிலில் பார்த்தபடி, தன்பாலினத் திருமணத்தை எதிர்ப்பவர்களுக்குக் கென்னடி அதைக் கொடுத்தார். ஃபிலிப்ஸ் அந்த இருவரையும் கடையை விட்டு விரட்டவுமில்லை. மறுக்கப்பட்டு வெளியே வந்து நிற்கிறவருக்கு இந்த நுணுக்கம் எந்த ஆறுதலும் தராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

13. கோர்ட்டு மனசு மாறினா இந்தக் கல்யாணம் எல்லாம் செல்லாமப் போயிடுமா?

2022-ல் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தபோது, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஓபர்கெஃபெலையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். அந்த பயத்தில் வந்ததுதான் அதே டிசம்பரில் பைடன் கையெழுத்திட்ட திருமண மதிப்புச் சட்டம். ஒரு மாநிலத்தில் சட்டப்படி நடந்த கல்யாணத்தை மற்ற மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் ஏற்றே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்தக் கட்டாயம் இன்னமும் 2015 தீர்ப்பில்தான் தொங்குகிறது.

செனட்டில் 61-க்கு 36 என்று நிறைவேறியது, குடியரசுக் கட்சியினர் சிலரும் சேர்ந்து. மத அமைப்புகள் இந்தக் கல்யாணங்களுக்கு இடமோ சேவையோ தரத் தேவையில்லை, வரிவிலக்கும் பாதிக்கப்படாது என்ற பிரிவுகள் இருந்ததால் மார்மன் திருச்சபையும் ஆதரித்தது.

14. தத்தெடுப்பு விஷயத்துல கத்தோலிக்க அமைப்பு ஜெயிச்சுதாமே?

ஆமாம், வளர்ப்புக் குழந்தைகள் விஷயத்தில். ஃபிலடெல்ஃபியா நகரம், தன்பாலினத் தம்பதிகளைப் பரிசீலிக்க மறுத்த கத்தோலிக்க அமைப்போடு ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2021-ல் 9-க்கு 0 என்று நகரம் தோற்றது. ஒப்பந்தத்தில், அதிகாரி விரும்பினால் யாருக்கும் விலக்குத் தரலாம் என்று ஒரு வரி இருந்தது. விலக்குக்கு இடம் வைத்துக்கொண்டு மதத்துக்கு மட்டும் மறுத்தால் அது பொதுச் சட்டம் ஆகாது. 3-ஆம் பதிலில் சொன்ன ஸ்கலியா சுவரில் இருக்கும் விரிசல் அதுதான்.

15. மதம்னாலே எதிர்ப்புதானா? ஆதரிக்கிற சர்ச்சே கிடையாதா?

உண்டு, வழக்கே போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் கல்யாணம் நடத்திவைக்கும் மதகுரு மேல் வடக்கு கரோலைனாவில் குற்ற வழக்குப் போடலாம். 2014 வரை அங்கே தன்பாலினத்தாருக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே அவர்களுக்குச் சடங்கு நடத்தினால் பாதிரியார் மாட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. அந்த வருடம் ஐக்கிய கிறிஸ்து சபை நீதிமன்றம் போனது: எங்கள் சபையில் இந்தக் கல்யாணம் புனிதம், நடத்த விடாமல் தடுப்பது எங்கள் மத சுதந்திரத்தைப் பறிப்பது என்றது. அந்த அக்டோபரில் தடை விழுந்தது. மத சுதந்திரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை.

எபிஸ்கோபல் சபை 2015-லிருந்து நடத்துகிறது. ஐக்கிய மெதடிஸ்ட் சபை நெடுங்காலச் சண்டைக்குப் பிறகு 2024-ல் தடையை நீக்கியது. கத்தோலிக்கச் சபை கல்யாணம் செய்துவைக்காது. 2023 டிசம்பரிலிருந்து, கல்யாணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் ஆசீர்வாதம் மட்டும் கொடுக்கலாம்.

16. நம்ம ஊர்ல ஏன் முடியல? சுயமரியாதைக் கல்யாணத்துலதான் ஐயரே வேண்டாமே?

நல்ல கேள்வி, இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. இங்கே லைசென்ஸ் தனி, சடங்கு தனி. இந்தியாவில் இந்து திருமணச் சட்டப்படி சடங்குதான் கல்யாணம். பதிவு அதற்குப் பிறகு வரும் சாட்சி. பீடமும் கவுன்ட்டரும் ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் மதத் தனிச் சட்டங்களைத் தொட மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லி, 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒரே கருத்து. கல்யாணம் இல்லாவிட்டாலும் இணைவுக்கு அங்கீகாரம் தரலாமா என்பதில் 3-க்கு 2 என்று மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய, இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 7ஏ, அண்ணா ஆட்சியில் 1967-ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம். வாசித்தால் "இரண்டு இந்துக்களுக்கு இடையே" என்றுதான் தொடங்குகிறது; ஆண் பெண் என்று இல்லை. புரோகிதர் வேண்டாம்; உற்றார் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும். ஆனால் உறுதிமொழி என்று வரும்போது மனைவியாக, கணவனாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அங்கே நிற்கிறது. 2019-ல் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தூத்துக்குடி ஜோடி ஒன்றின் கல்யாணத்தைப் பதியச் சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டு பெண்கள் வழக்கில், குடும்பம் ஆவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது. பதிவாளர் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

17. எங்க பையன் கல்யாணத்துக்கு ஐயர் வர மாட்டேன்னுட்டார் தம்பி. அவர் மேல கேஸ் போட முடியாதா?

முடியாது மாமி, போடவும் கூடாது. 2-ஆம் பதில்தான் இதற்கும். அவர் மறுத்தது அவர் உரிமை. இதே பாதுகாப்புதான் நாளைக்கு வேறு ஒரு ஐயர் சந்தோஷமாக வந்து நடத்திவைப்பதையும் யாரும் தடுக்க முடியாமல் காக்கிறது. மண்டபக்காரர் மறுத்தால் கதை வேறு. நியூ ஜெர்சியில் அதற்குச் சட்டம் இருக்கிறது, 10-ஆம் பதிலைப் பாருங்கள்.

ஐயர் கிடைக்கும்வரை லைசென்ஸ் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். நம் மாநிலத்தில் விண்ணப்பித்து 72 மணி நேரம் கழித்துதான் கொடுப்பார்கள். பதிவாளரிடம் போகும்போது பதினெட்டு வயதைத் தாண்டிய சாட்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.